தெற்குச் சுவரில் ஒரு வழி

தனசேகரன் கட்டிய கடை வளாகத்தில் மேற்குக் கோடியில் இருந்தது தாஹிராவின் வளையல் கடை. கணவர் முகம்மது கவுஸ் வளையல் பெட்டியைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலையிலுள்ள ஊர்களுக்குப் போய்விடுவார். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். ஆகவே கள்ளக்குறிச்சிக் கடையைத் திறப்பதும் நடத்துவதும் தாஹிராவின் பொறுப்பு. கடைக்கு நேர் மேலே மாடியில் ஓர் ஒற்றை அறை. அதுவே அவர்கள் வீடு. ஊரார் அவரைப் பாயம்மா என்று அழைத்தனர்.

வளாகம் எழும்புவதற்கு முன் அந்த இடம் வெற்று மனையாகக் கிடந்தது. தெற்கே இருந்த தெருக்காரர்கள் வடக்கே சேலம் சாலைக்கு அதன் குறுக்கேதான் நடந்து வந்தார்கள். தனசேகரன் கரும்பு விவசாயி. சென்னையில் ஒருமுறை, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக நின்ற ஒரு கட்டடத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து வந்தார். வீட்டில் இருப்பவர்கள் கீழே இறங்கிப் பொருள் வாங்குவார்கள், கடை வைத்திருப்பவர்கள் மேலே ஏறி உறங்குவார்கள், ஒன்றால் மற்றொன்று பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியானதே. வரைபடத்தில்தான் பிசகு நேர்ந்தது.

மழைநீர் புகாமலிருக்கக் கடைகளைச் சாலை மட்டத்திலிருந்து இடுப்பளவு உயர்த்தினார். படிகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டார். ஒருவர் கிழக்கு நோக்கிக் கட்டினார்; இன்னொருவர் நேராகச் சாலைக்குள் நீட்டினார்; மூன்றாமவர் சரிவாக ஒரு மேடை போட்டு மிதிவண்டிகளை நிறுத்தினார். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக வேண்டுமானால் சாலையில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். இறங்கினால் மூடாத சாக்கடை; அதைத் தாண்டினால் முழங்கையை உரசிக்கொண்டு கரும்பு லாரி. மாடிக்கு ஏறும் படிக்கட்டு கிழக்குக் கோடியில் ஒன்றே ஒன்று. தென்புறமோ, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் சுவர். தெற்கில் வாசல் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மனையடி சாஸ்திரம் பார்த்தவர் சொல்லியிருந்தார். காற்றுக்காகச் சில சன்னல்களும் குளியலறைக் குழாய்களும் மட்டுமே அந்தப் பக்கம் இருந்தன.

அதனால், எதிரே தெரியும் சாலைக்கு வருவதற்குத் தெற்குத் தெருக்காரர்கள் அரிசி ஆலையைச் சுற்றிக்கொண்டு, லாரிகள் திரும்பும் முனை வழியாக வர வேண்டியதாயிற்று. ஆண்கள் மிதிவண்டியில் வந்தார்கள். பெண்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மாடியில் குடியிருந்தவர்களோ, பின்பக்கம் கீரைக்காரி கூவினால் சன்னல் வழியே கூடையைக் கயிற்றில் இறக்கி வாங்கினார்கள். டீக்கடையும் சைக்கிள் கடையும் பிழைத்துக்கொண்டன. வளையல் கடை பிழைக்கவில்லை. வளையல் வாங்குவதற்கென்றே யாரும் பேருந்து ஏறி வருவதில்லை. நடந்து போகிற பெண்ணின் கண்ணில் பட்டுக் கையை இழுக்க வேண்டிய சரக்கு அது.

தாஹிரா குறைபட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடையின் தெற்குச் சுவரில் ஒரு கம்பிச் சன்னல் இருந்தது. அதன் கதவைத் திறந்து, கம்பியில் வளையல் சரங்களைக் கோத்துத் தொங்கவிட்டார். பின் தெருவில் இட்லி சுட்டு விற்கும் ஆண்டாள்தான் முதலில் பார்த்தவர். வெளிப்புறம் தரை தாழ்வாக இருந்ததால் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கம்பிக்கு நடுவே கையை நீட்டினார்.

“ஜெயில்ல மனு பாக்கற மாரி இருக்குது பாயம்மா. ஆனா உள்ள இருக்கறது நீயா நானான்னுதான் தெரியல.”

“கைய இறுக்காத, ஆண்டாளு. வளையல் ஒடஞ்சா ஜாமீன் கெடைக்காது,” என்றார் தாஹிரா.

மறுநாளே அந்தக் கல்லுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முகம் தெரியாமல், கையை மட்டும் பார்த்து இன்னார் என்று அடையாளம் சொல்லும் அளவுக்குத் தாஹிரா தேறிவிட்டார். கடை மூச்சு விடத் தொடங்கியது.

அந்த வேளையில்தான் தனசேகரனின் மகள் விஜயலட்சுமிக்குப் பேசிய இடம் தட்டிப்போயிற்று. தென்புறம் கூட்டம் கூடுவதே காரணம் என்று சாஸ்திரக்காரர் சொன்னார். தனசேகரன் முரடர் அல்லர். கடை வாசலில் நின்று, தயங்கித் தயங்கியே பேசினார். மகாளய அமாவாசை கழிந்ததும் கொத்தனார் முனியன் வந்து சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார் என்றும், மகளைப் பெற்றவனின் நிலைமையைப் பாயம்மா புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். சன்னல் போனால் கடை போகும் என்பது இருவருக்குமே தெரியும். தாஹிரா வாதாடவில்லை. முனியன் ஆண்டாளின் கணவர். அவர் செங்கல்லையும் கடப்பாறையையும் கொண்டுவந்து சன்னலுக்குக் கீழே அடுக்கி வைத்தார். அன்று ஆண்டாள் அவருக்குத் தட்டை நங்கென்று வைத்துச் சோறு போட்ட விதத்தைத் தெருவே பேசிச் சிரித்தது.

அமாவாசைக்குச் சில நாள் முன்பு மறியல் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுவதும் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பேருந்துகள் நின்றன. சேலம் சாலையில் வளாகத்துக்கு எதிரே நின்ற புளியமரமும் சாய்ந்தது. சாயும்போது மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. முன்பக்கம் காவலர்கள் நின்றார்கள். கல்லும் தடியும் பேசிய ஒரு காலைப்பொழுதுக்குப் பிறகு, யாரும் சாலையில் இறங்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

மின்சாரம் இல்லாததால் நீரேற்றும் மோட்டார் ஓடவில்லை. மறுநாள் மாடித் தொட்டி வறண்டது. அடிபம்பு பின் தெருவில், சன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தது. அதை அடைய முன்பக்கப் படிக்கட்டில் இறங்கி, தடை செய்யப்பட்ட சாலை வழியே சுற்ற வேண்டும். மாடிப் பெண்கள் கயிற்றில் குடம் இறக்கிப் பார்த்தார்கள். ஆண்டாள் அடித்து நிரப்பிக் கொடுத்தார். மேலே இழுக்கும்போது குடம் குழாயில் மோதிக் கவிழ்ந்தது. ஒரு குடம் அறுந்து விழுந்து நசுங்கியது. கீரைக்கூடைக்குப் போதுமான கயிறு தண்ணீருக்குப் போதவில்லை.

தனசேகரன் சின்னசேலம் பக்கத்து வயலுக்குப் போனவர் அங்கேயே சிக்கிக்கொண்டார். அவர் குடும்பமும் அதே மாடியில்தான் குடியிருந்தது. அவர் மனைவி ராஜாம்பாள் இடுப்பில் வெறுங்குடத்துடன் இறங்கி, சாலையில் கால் வைக்காமல் கடைப் படிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, சுவரோடு ஒட்டி வந்து, பாதி உயர்த்திய ஷட்டருக்குள் குனிந்து வந்தார். சன்னலைப் பார்த்தார். பிறகு தாஹிராவைப் பார்த்தார். வெறுங்குடத்தைக் கீழே வைத்தார்.

தாஹிரா சற்று நேரம் யோசித்தார். கம்பியைப் பெயர்த்தால் சன்னலோடு கடையும் போய்விடும். அமாவாசைவரை பொறுக்கவும் தேவையிராது. யோசித்து முடித்ததும் அலமாரியிலிருந்த வளையல் சரங்களை இறக்கத் தொடங்கினார். இறக்கிக்கொண்டே சொன்னார்:

“அக்கா, நீங்க பாக்காத மாரி மேல போய்டுங்க. அண்ணன் கேட்டா, பாயம்மாதான் இடிச்சான்னு சொல்லிடுங்க. எங்களுக்குத் தெக்கு வடக்குக் கணக்கு கெடையாது.”

சன்னலில் வாயை வைத்து முனியனைக் கூப்பிட்டார். அடைப்பதற்கென்று கொண்டுவந்த அதே கடப்பாறையால் முனியன் வெளியிலிருந்து கம்பியைப் பெயர்த்தார். சன்னலுக்குக் கீழிருந்த சுவரைத் தரைவரை இடித்தார். செங்கல் தூசியில் கடை சிவந்தது. தாஹிரா தம் அலமாரிப் பலகைகளைக் கழற்றி எடுத்துவந்து, பின்புறம் ஓடிய சாக்கடையின் மேல் சரிவுப் பாலமாகப் போட்டார்.

ராஜாம்பாள் மேலே போகவில்லை. இடிபாட்டின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். முனியன் ஒதுங்கியதும் மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மனைவி எதிரில் தெற்கே காலை வைக்க யாருக்கும் துணிவில்லை. ராஜாம்பாள் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்.

“என் வூட்டுக்குத் தண்ணி. நான் போவாத வேற யார் போவா,” என்று சொல்லிப் பலகையில் கால் வைத்தார்.

அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் நடமாட்டம் ஓயவில்லை. தண்ணீர் வந்தது, பால் வந்தது, ஆண்டாளின் இட்லி வந்தது. மாடியிலிருந்த முதியவர் ஒருவருக்கு மருந்து வந்தது. பின் தெருக்காரர்கள் முன்பக்கச் சுவரோரமாகவே படிகளைத் தாண்டி வந்து மளிகைக் கடைக்காரரிடம் அரிசி வாங்கிப் போனார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு சுவரின் இருபுறமும் வாழ்ந்தவர்கள் அந்த வாரத்தில்தான் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்தார்கள். தாஹிராவின் கடைக்கு அத்தனை பேர் அதுவரை வந்ததில்லை. அவர் ஒரு வளையல்கூட விற்கவில்லை. பலகை நகர்ந்தால் சரிசெய்வதும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கை கொடுப்பதுமாகவே பொழுது போயிற்று.

மறியல் முடியும் நாளில் தனசேகரன் சின்னசேலத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். முன்பக்கம் காவலர்கள் விடவில்லை. அரிசி ஆலையைச் சுற்றிக்கொண்டு, தாம் கட்டிய கட்டடத்தின் பின்புறத்துக்கு முதன்முறையாக நடந்து வந்தார். தெற்குச் சுவரில் ஆள் நுழையும் ஓட்டை. அதன் வழியே குடங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

“இன்னா பாயம்மா இது?”

“தண்ணிக்கு இடிச்சோம் அண்ணே. நாந்தான் இடிக்கச் சொன்னேன், வேற யார் மேலயும் தப்பு இல்ல. கடைய எப்ப காலி பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ராஜாம்பாளின் குரல் வந்தது. அவர் அடிபம்பிலிருந்து நிறைகுடத்துடன் வந்துகொண்டிருந்தார்.

“கால் கழுவத் தண்ணி வேணுமா வேணாமா? அது இப்பிடித்தான் வந்துக்கினு இருக்குது. மொதல்ல உள்ள வாங்க.”

தனசேகரன் புழுதி படிந்த தம் காலைப் பார்த்தார். அரிசி ஆலை முனையைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை தூரம் நடந்த களைப்பில், வீட்டு வாசலுக்கு எதிரே வந்தும் ஒரு சுற்றுச் சுற்ற வைத்தது எது என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். பலகையில் ஏறி உள்ளே போனார்.

தாஹிரா ஒருமுறை மட்டும் தனசேகரன் வீட்டுக்குப் போய்த் தம் யோசனையைச் சொல்லிவிட்டு வந்தார். கடையின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் எழுப்பிவிடலாம். பாதி தமக்கு, பாதி நடக்கிறவர்களுக்கு. பாதிக் கடையே தமக்குப் போதும்.

அமாவாசையும் மறியலும் கழிந்த ஒரு காலையில் முனியன் சிமெண்ட் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாச் சன்னல்களிலும் முகங்கள். தனசேகரன் இறங்கி வந்தார்.

“அடைக்கறதா, தொறக்கறதா, மொதலாளி?”

தனசேகரன் அந்த ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். வழியை அடைக்கவும் அவருக்கு மனமில்லை, சாஸ்திரத்தைக் கைவிடவும் மனமில்லை.

“வாசக்கால் வைக்காத முனியா. வாசக்கால் நட்டு, பூசை போட்டு, கதவ மாட்டினாதான் சாஸ்திரத்துல அது வாசல். நீ ரெண்டு பக்கமும் பூசி, வெறும் வழியா வுட்டுடு.”

“கதவு இல்லாட்டி மூட முடியாதுங்களே.”

“மூடாத.”

குறுக்குச் சுவர் எழும்பியது. நடக்கிறவர்களின் பாதியில் வடக்கே இருந்த ஷட்டரையும் கழற்றிவிட்டார்கள். வாசற்கால் இல்லாத அந்த வழியை அதன்பிறகு யாரும் மூடவில்லை. யாராவது மூட நினைத்திருந்தாலும் இழுத்துச் சாத்த அங்கே ஒன்றும் இல்லை. தாஹிரா குறுக்குச் சுவரில் ஓர் அகன்ற பலகணி விட்டு, வழியைப் பார்த்தபடி வளையல்களை அடுக்கினார். மலையிலிருந்து இறங்கி வந்த முகம்மது கவுஸ் பாதியாகிப் போன கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மீதியை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். நடக்கிறவர்களுக்கு என்றார் தாஹிரா.

“நானும் மலை பூரா நடந்துக்கினுதான் இருக்கேன். எனக்கு ஒருத்தனும் பாதிக் கடை குடுக்கலியே,” என்றார் கவுஸ். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, புது அலமாரிக்குப் பலகை அளந்தார்.

தை மாதத்தில் விஜயலட்சுமிக்குத் திருமணம் உறுதியாயிற்று. வளையல் போட உறவுக்காரப் பெண்களும் இரண்டு தெருப் பெண்களும் தாஹிராவின் பலகணி முன் கூடிவிட்டார்கள். மணப்பெண்ணின் கை தாஹிராவின் கையில் இருந்தது. பந்தல் வேலையாகப் பின் தெருவுக்குப் போக வந்த தனசேகரன் வழி கிடைக்காமல் நின்றார். கொஞ்சம் ஒதுங்குங்கள் அம்மா என்று இரண்டு முறை கேட்டும் பார்த்தார். ஆண்டாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவசரம்னா அரிசி மில்ல சுத்திக்கினு போங்க மொதலாளி. நாங்க ரெண்டு வருசம் அப்பிடித்தான் போனோம்.”

கூட்டம் சிரித்தது. தாஹிரா சிரிக்கவில்லை, நழுவிய வளையலைக் கவனமாக மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றி முடிக்கும்வரை தனசேகரன் அங்கேயே நின்றார்.