களத்தில் நிறுத்திய வண்டி

வெளிநாட்டுக்காரர்கள் வண்டிக்குள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில் சுற்றித் திரியும் வீடியோக்களை ஒரு மழைக்காலம் பூராவும் பார்த்துத் தொலைத்தேன். அதன் பலனாக எங்கள் பழைய வேனின் பின் சீட்டுகள் கழன்று மொட்டைமாடிக்குப் போயின. ஆசாரி ஒருவர் பலகைக் கட்டில் அடித்துக் கொடுத்தார். சின்ன கேஸ் அடுப்பு, சரவிளக்கு, மலையேறும் ஷூ என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாமக்கல் பக்கம் பாலைவனம் அகப்படாததால், மார்கழிக் குளிரில் கொல்லிமலை என்று முடிவானது.

முடிவு செய்தது நான் ஒருவன்தான். என் மனைவி ஒரே ஒரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டாள். அது சரிப்படவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. எனக்கோ அந்த வண்டிமேல் பைத்தியம். அவளுக்குப் பிடித்துப்போக வேண்டுமே என்ற பயத்தில் வழியெல்லாம் அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளின் புண்ணியத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. பாதி மலையிலேயே போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக் கட்டிலில் படுத்துவிட்டாள்.

மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு மண்பாதையில் திரும்பியபோது பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டது. மலையில் சமதளம் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தது. வட்டமாக, ஒரு கல் இல்லை, ஒரு புல் இல்லை, வழுவழுவென்று இருந்தது. இயற்கை எனக்காகவே தயார் செய்து வைத்திருக்கிறது என்று உண்மையாகவே நினைத்தேன். புது ஷூவோடு இறங்கி அதைச் சுற்றி வந்தேன். லேசாக எழுந்த பச்சை வாடையை மலையின் மணம் என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். சரவிளக்கைப் போட்டுப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமலே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், வண்டியைச் சுற்றி ஒரு குடும்பமே நிற்கிறது. தலையில் கேழ்வரகுக் கதிர்க்கட்டுகள். செருப்புகளை ஓரமாகக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றார்கள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கியதும் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு எதையாவது பேசித் தப்பித்திருப்பேன். முன்னால் நின்ற பெண்மணி என் கால்களைப் பார்த்தபடி சொன்னார்.

"வண்டி நின்னது போகுதுங்க. களத்துமேல நாங்க செருப்புக்காலோட ஏறமாட்டோமுங்க."

கதிரடிப்பதற்காக முந்தின நாள்தான் சாணி போட்டு மெழுகிய களம் அது. நான் நெஞ்சு நிறைய இழுத்தது அந்தச் சாணியைத்தான். அவசரமாக ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ராத்திரி முழுக்க எரிந்த சரவிளக்கு பேட்டரியைக் குடித்து முடித்திருந்தது. சாவியைத் திருப்பத் திருப்ப ஒரு முனகல்கூட வரவில்லை.

அப்போதுதான் என் மனைவி பின்கதவைத் திறந்தாள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏனுங்க, போயும் போயும் களத்துலயா கொண்டாந்து நிறுத்துனீங்க?"

அந்தக் குரலிலேயே வண்டி பாதி விலைபோய்விட்டது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

கட்டுகளை ஓரத்தில் இறக்கிவிட்டு அவர்களே வண்டியைத் தள்ளினார்கள். இறக்கத்தில் உருண்டு, இருமி, ஒருவழியாக எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் களம் முழுக்க டயர் தடம். மறுபடி மெழுகி, அது காய்ந்த பிறகுதான் கதிரைப் போட முடியும். என் மனைவி யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்து வைத்த சாணிக் கூடையருகில் போய் உட்கார்ந்துவிட்டாள். என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துக் கீழே ஊற்றுக்கு அனுப்பினார்கள். எத்தனை வீடியோ பார்த்துத் திட்டம் போட்ட மலையேற்றம்! குடமும் வெறுங்காலுமாக அந்த ஒரே மேட்டில் நான் ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தீர்த்தேன். பாதித் தண்ணீர் என் பேண்டில்தான் வந்து சேர்ந்தது.

பனி விலகி வெயில் ஏறியதும் களம் காய்ந்தது. அடிக்கும் தடி ஒன்றை என் மனைவியும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்களோடு எதையோ பேசி, வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அநேகமாக என்னைப் பற்றித்தான் இருக்கும். இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தந்தார்கள். கிளம்பும்போது பொங்கலுக்குக் கட்டாயம் வரச் சொன்னார்கள். சரி, வண்டி பிழைத்தது என்று எனக்குள் நம்பிக்கை துளிர்த்தது.

மலை இறங்கும்போது அவள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். இதமான நேரம் பார்த்து, பயணம் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள். "பொங்கலுக்கு வாரோம்னு சொல்லியிருக்கேன். வண்டிய அதுக்குள்ள வித்துருங்க, பஸ்ஸுல வந்துக்கலாம்."

வாதாட என்னிடம் நிறைய இருந்தது. அடிவாரம் வந்த பிறகு, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.