முரல் வந்த காலை

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. என் தம்பி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கே அகப்பட்டிருந்தான். பங்குனிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. என் கணவர் கிழமை முடிவுகளில் கோப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்குப் போய்விடுவார். நான் ஸ்கீவ நகரில் முதியோர் இல்ல வேலைக்குப் போவதும், வந்து திரைக்கு முன்னால் இருப்பதுமாக நாட்களைக் கழித்தேன்.

பக்கத்து வீட்டில் என் வயதையொத்த டெனிஷ்காரி ஒருத்தி தனியே இருந்தாள். பஸ் ஓட்டுவது அவள் வேலை. வேட்டையும் மீன்பிடியும் அவளுக்கு உயிர். மே நடுப்பகுதியில் ஆண்மான் வேட்டை தொடங்கும். அதற்குள் காட்டோரத்தில் இருக்கும் வேட்டைப் பரணைத் திருத்திவிட வேண்டும் என்று ஒரு பின்னேரம் வந்து கதவைத் தட்டினாள். நாங்கள் டெனிஷில்தான் பேசுவோம். என் காதில் அது இப்படித்தான், எங்கள் ஊர்த் தமிழாய் விழும்.

"ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறியா?"

"எனக்கு உதொண்டும் தெரியாது."

"பிடிக்கிறதுக்கு என்ன தெரியவேணும்? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வா."

உக்கிப்போன படிகளைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தாள். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் இருவரும் பரணில் ஏறி, போத்தலில் கொண்டுவந்த கோப்பியைக் குடித்தோம். மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வயலுக்குள்ளிருந்து ஒரு மான் வெளியே வந்தது. இடது கொம்பின் நுனி உடைந்திருந்தது. தொலைநோக்கியை என்னிடம் தந்து, "பனிக்காலம் முழுக்க இவனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று காதுக்குள் சொன்னாள். அந்த மான் மேய்ந்து முடியும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு முதல் தடவை.

திரும்பும் வழியில், துவக்கைச் சரிபார்க்க வேண்டுமென்று சுடும் பயிற்சித் திடலில் காரை நிறுத்தினாள். முதல் வெடி கேட்டதும் நான் காருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். எப்படி இறங்கினேன் என்றே தெரியாது. அவள் வந்து பார்த்தாள். துவக்கை உறையில் போட்டுவிட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

வேட்டை தொடங்கிய நாள் சனிக்கிழமை. விடியும்போதே தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டு எழும்பிவிட்டேன். சற்று நேரத்தில் அழைப்புமணி. துவக்கோடு காட்டில் நிற்க வேண்டியவள் இரண்டு தூண்டில்களோடு வாசலில் நின்றாள்.

"இண்டைக்கு முழுக்க இஞ்சை இந்தச் சத்தம்தான். வா, கடலுக்குப் போவம்."

"உன்ரை மான்?"

"அதைப் பாத்துக்கொள்ளலாம். ஏறு."

கரையில் குளிர்காற்று, ஆனால் நல்ல வெயில். எறியக் காட்டித் தந்தாள். என் நூலில் முதலில் அகப்பட்டது நீண்ட சொண்டோடு வெள்ளியாய்த் துள்ளிய மீன். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முரல்! யாழ்ப்பாணத்தில் அம்மா குழம்பு வைக்கும் அதே முரலின் உறவுக்காரன்.

இரண்டாவது மீன் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் கணவர் கோப்பன்ஹேகனிலிருந்து தொலைபேசியில் வந்தார்.

"இஞ்சேரும், தம்பி கதைச்சவன். வவுனியா முகாமிலை நிக்கினம். நாலு பேரும் இருக்கினம்."

"உண்மையாவோ? நீங்கள் குரலைக் கேட்டனீங்களோ?"

"ஓமப்பா, நான்தான் கதைச்சனான். காலிலை காயமாம். வீட்டு நம்பருக்கு எடுத்துப் பாத்திட்டுத்தான் எனக்கு எடுத்தவன்."

தூண்டிலைக் கைவிட்டுக் கல்லில் குந்திக் குழறி அழுதேன். தம்பியின் கதை தெரிந்த அவள் வேறு விதமாக விளங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துத் தானும் அழத் தொடங்கினாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல டெனிஷில் இரண்டே சொற்கள் போதும். அந்த இரண்டும் என் வாயில் வர நெடுநேரமாயிற்று. வந்ததும் அவள் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தாள். அதற்குள் தூண்டில் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. சப்பாத்தோடு இறங்கிப் பிடித்து வந்தாள். மீன் அதில் இன்னும் இருந்தது.

மத்தியானம் புளிவிட்டுக் குழம்பு வைத்தேன். மீனின் பச்சை நிற முள்ளை எடுத்துக் காட்டி நான் ஆச்சரியப்படுவேன் என்று பார்த்தாள். "எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான்" என்றேன். ஆச்சரியப்பட்டது அவள்தான்.

சில நாட்களில் யுத்தம் முடிந்ததென்று அறிவித்தார்கள். எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளுக்கு அப்படி ஒரு அழைப்பு வரவே இல்லை. எங்கள் சந்தோசத்தை நாங்கள் வெளியே சொல்லவில்லை.

கோடையில்தான் அறிந்தேன்: அந்தச் சனிக்கிழமை காலையிலேயே கொம்பு உடைந்த அந்த மானைப் பக்கத்துக் காணிக்காரர் சுட்டுவிட்டார். அவளிடம் கேட்டேன்.

"தெரியும். அண்டைக்குப் பின்னேரமே சொல்லிப்போட்டினம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ரை தம்பி கதைச்ச நாளிலை நான் மானைப் பற்றிக் கதைக்கிறதே?"

இப்போதும் வேட்டை தொடங்கும் காலையில் நான் யன்னல்களைச் சாத்திவிடுவேன். அவளுக்கு அது தெரியும். மத்தியானம் பொதி கட்டிய மான் இறைச்சியோடு வருவாள். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டுவேன். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவாள்.