முட்டை வைத்து ஓட்டிய கார்

எங்கள் பக்கம் கார் என்றால் பின்னால் ஒரு டிக்கி இருக்க வேண்டும். டிக்கி இல்லாத அந்தக் காரை நான் பண்ணைக்குள் கொண்டுவந்த அன்று, வேலையாட்கள் எல்லோரும் அதன் பின்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். "மீதி எப்பங்க வரும்?" என்று ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார்.

அது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டு மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அவர் வெளிநாட்டில் இருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த சின்னக் கார். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கும். உதிரி பாகம் கிடைக்காமல் நாலைந்து வருடம் சும்மா நின்றதில் கூரை முழுக்க மாம்பிசின். வாங்கி, முட்டை வேனின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எங்கள் கோழிப்பண்ணை. நான் எழுபதுகளில் மெட்ராசில் படிக்கும்போது, ஒரு பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது நானும் அப்படி ஓட்ட வேண்டும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். எனக்கு அதிர்ஷ்டம் கோழி மேய்க்க இருந்தது. பத்து வருடம் கழித்து, சேலத்தில் மோட்டார் பைத்தியம் பிடித்த சிலர் ஒன்றுசேர்ந்து, கோடையில் வற்றிய ஏரிக்குள் பந்தயம் நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு காராக எட்டு சுற்று விட்டு, கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்களாம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

என் மனைவிக்கு நான் கார் ஓட்டுவது பிடிக்காது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். அவள் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். எவ்வளவு தூரம் போனாலும் கண்ணை மூட மாட்டாள். எனக்கு முன்கோபம் அதிகம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தக் கோபம் அப்படியே காலுக்கு இறங்கிவிடும். அவள் எடப்பாடிப் பக்கத்துக்காரி. கூடப் பிறந்தவன் இல்லாத வீடு என்பதால் பாவாடை கட்டிய வயதிலேயே டிராக்டர் ஓட்டியவள். எங்கள் டிரைவர் லீவு போட்டால் முட்டை வேனை அவள்தான் சேலத்துக்கு ஓட்டிப்போவாள். ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிக்கொண்டது.

காரைக் கட்டியது திருச்செங்கோட்டில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனின் லாரிப் பட்டறையில். இஞ்சினை இறக்கிப் பிரித்தோம். இல்லாத பாகங்களை லேத்தில் கடைந்தோம். ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரைக் கழுவி, பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, மறுபடி கழற்றி மறுபடி பூட்டினோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் இஞ்சின் கணீரென்று பேசியது. நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. பட்டறைக்காரன் வாழ்நாள் முழுக்க லாரி கட்டியவன். எங்கள் ஊரில் எந்த வண்டி நோய்க்கும் மருந்து ஒன்றே, ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை ஏற்றுவது. அந்தக் காரின் பின்னால் குறுக்கே மெல்லிசாக ஒரு பட்டை ஸ்பிரிங் இருந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்மேல் மூன்று பட்டை ஏற்றினான். கவிழ்ந்தால் தலை தப்ப உள்ளே குழாயில் கூண்டு கட்ட வேண்டும் என்பது பந்தய விதி. அவன் போர்வெல் ரிக்குக் குழாயில் கட்டினான்.

"எதுக்குடா இத்தனை கனம்?" என்றேன்.

"லோடு தாங்கோணுமல்ல மாப்ளே?"

"என்ன லோடு? நான் ஒருத்தன்தான்டா ஏறப்போறேன்."

"நீயே ஒரு லோடுதான்" என்றான்.

சந்தேகப்பட்டு எடைமேடைக்குக் கொண்டுபோனேன். எடை போடுகிறவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "லோடை இறக்கிட்டு வாங்க, காலி வண்டியாத்தான் போடோணும்" என்றார். காலி வண்டிதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடலை பிடுங்கிய எங்கள் காட்டில் ஒரு சுற்றுப் பாதை போட்டு ஓட்டிப் பார்த்தேன். கார் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. என் தலை கூண்டுக் குழாயில் முட்டி வீங்கியது. பட்டறைக்காரனோடு பெரிய சண்டை. பட்டையை எடு என்கிறேன் நான், எடுத்தால் உடையும் என்கிறான் அவன். எத்தனை எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மனைவி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, முட்டையை வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருமுங்களே" என்றாள்.

எங்கள் பண்ணை வேனுக்கு அதுதான் அளவுகோல். ஒரு நடை போய் வந்தால் எத்தனை முட்டை உடைந்தது என்று எண்ணுவோம். ஒரு தட்டுக்கு மேல், அதாவது முப்பதுக்கு மேல் உடைந்தால், அந்த டிரைவர் அடுத்த ஒரு நடைக்கு ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் சரக்கோடு உட்கார்ந்து போக வேண்டும். ஒரு நடை மட்டும். அதற்கடுத்த நடை ஸ்டியரிங் அவருக்கே திரும்ப வந்துவிடும். அப்பா காலத்துச் சட்டம். நான் அதை அப்பாவைவிடக் கறாராக நடத்தினேன். அந்த மாசம்தான், பன்னிரண்டு வருடம் ஓட்டிய எங்கள் டிரைவரைப் பின்னால் ஏற்றியிருந்தேன். என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "சரிங்க சாமி" என்று ஏறிக்கொண்டார்.

விலை போகாத சின்ன முட்டையாகப் பத்துத் தட்டு எடுத்து, காரின் பின்கதவைத் தூக்கி உள்ளே அடுக்கினோம். முதல் சுற்று முடிந்து கதவைத் திறந்தபோது முட்டை ஒழுகிவந்து என் செருப்பில் விழுந்தது. ஒரு பட்டையை எடுத்தோம். மறுபடி அடுக்கி ஓட்டினேன். ரிக்குக் குழாயை அறுத்துவிட்டு மெல்லிசுக் குழாயில் கூண்டை மாற்றினோம். இன்னொரு பட்டையை எடுத்து, மீதிப் பட்டையைத் தீட்டி மெலியவைத்தோம். பண்ணையில் அந்த மாசம் முழுக்க எல்லோருக்கும் முட்டைப் பொரியல். உடைசல் நூறு ஆனது, எழுபது ஆனது, நாற்பதுக்கு வந்து நின்றுவிட்டது. என்ன செய்தும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

"இனி ஸ்பிரிங்குல ஒண்ணுமில்ல மாப்ளே" என்றான் பட்டறைக்காரன். சொல்லிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தான்.

"நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றாள் மனைவி.

ஓட்டினாள். பார்க்க ஒன்றும் வேகமாகத் தெரியவில்லை. நான் வளைவுக்கு வளைவு பிரேக்கைக் குத்தி, ஸ்டியரிங்கை முறுக்கி, புழுதி கிளப்பி வருவேன். அவள் வளைவு வருவதற்கு முன்னாலேயே காலைத் தளர்த்தி, ஒரே தடவை திருப்பி, அப்படியே வெளியே வந்தாள். கதவைத் தூக்கினோம். உடைந்தது இரண்டு. பட்டறைக்காரன் கடிகாரத்தை என்னிடம் நீட்டினான். என்னைவிட நாலு வினாடி முன்னதாக வந்திருந்தாள்.

கடிகாரம் சரியில்லை என்றேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும் நாலு வினாடி, உடைந்தது ஒன்று. ஸ்பேனரை ஏன் மண்ணில் போட்டாய் என்று பட்டறைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். ஸ்பேனரை மண்ணில் போட்டது நான்தான்.

மூன்று நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம். பந்தயப் படிவத்தில் டிரைவர் என்று என் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. பத்து வருட ஆசை. எட்டு சுற்று நான் ஓட்டினால் கார் அந்த மண்ணில் தாங்குமா என்பதற்கும் பதில் தெரியும். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். நாலாம் நாள் காலையில் எங்கள் டிரைவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்னதில்லை.

"நீதான் ஓட்டோணும்" என்று போய்ச் சொன்னேன்.

"எனக்கு வேண்டாமுங்க. நீங்க ஆசப்பட்டது."

"நாப்பது உடைச்சிருக்கேன். சட்டம் சட்டந்தான்."

"அங்க முட்டை வெக்க மாட்டாங்க. வெக்காம ஓட்டுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, மூன்று நாளில் முதல் தடவையாக.

பந்தயத்தன்று அவள் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனாள். பக்கத்தில் பட்டறைக்காரன். நான் வேனின் பின்னால் டயரும் பெட்ரோல் கேனும் சாமான் பெட்டியுமாக உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் பதறிப்போய், "முன்னால வாங்க சாமி" என்றார். மாட்டேன் என்றேன். அந்த ரோட்டில் எத்தனை குழி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆட்டையாம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது, "அன்னைக்கு எப்படிங்க அத்தனை உடைஞ்சுது?" என்று கேட்டேன்.

"மாட்டுவண்டி குறுக்க வந்துருச்சுங்க. மாட்டை அடிக்கறதா, முட்டையை உடைக்கறதான்னு பாத்தனுங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ ஆறிவிட்டதுங்க என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஏரியில் பதினோரு கார்கள் வந்திருந்தன. சேலைக்கு மேல் என் முழுக்கைச் சட்டையைப் போட்டு, இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் இறங்கியதும் நடத்துகிறவர்களுக்குள் ஒரு குசுகுசுப்பு. பெயரை மாற்றி எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நான் காற்று அளந்தேன், தண்ணீர் ஊற்றினேன், கண்ணாடியைத் துடைத்தேன். அவள் கிளம்பியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, வயிறு எரிந்தது. மூன்றாவது சுற்று வரை எரிந்தது. முன்னால் ஓடிய கார்களில் ஒன்றுக்கு ரேடியேட்டர் பிளந்திருந்தது, ஒன்று சக்கரம் மடங்கிக் கரையோரம் கிடந்தது. இவள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தடத்தில், அந்த மெல்லிசுப் பட்டைமேல் கார் மிதந்த மாதிரி வந்தாள். ஐந்தாவது சுற்றில் நான் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பட்டறைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றான்.

ஓடி முடித்த கார்கள் ஆறு. அவள் மூன்றாவதாக வந்தாள்.

எல்லாம் முடிந்து வெயில் தாழ்ந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். முகத்தில் கண் இருந்த இடம் தவிர மீதியெல்லாம் மண். சாவியையும் நீட்டினாள்.

"ஒரு நடை முடிஞ்சுதுங்க. இனி நீங்கதான்."

பட்டறைக்காரன் வேனில் ஏறிக்கொண்டான். நான் காரை எடுத்தேன். அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். வழக்கம்போல் கை கதவுக் கைப்பிடிக்குப் போனதைப் பார்த்தேன். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது வளைவில் கொஞ்சம் அகலமாகப் போயிருக்கலாம் என்றாள். அடுத்த வருடம் நான் போகிறேன் என்றேன். போங்க, நல்லாப் போலாம் என்றாள். பின்னால் தட்டு எதுவும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு குழிக்கும் முன்னாலேயே காலைத் தளர்த்தினேன். வளைவை ஒரே தடவையில் திருப்பினேன். இரண்டு லாரிகள் ஹாரன் அடித்து என்னை முந்திப் போயின, போகட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கை கைப்பிடியில் இல்லை. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் ஓட்டிய வண்டியில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. காலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். திருச்செங்கோட்டு மலை தெரிந்தது, கடந்தது. பண்ணை வாசலில் கார் நின்ற பிறகுதான் கண் விழித்தாள்.

"ஊடு வந்துருச்சுங்களா?" என்றாள்.

"வந்தாச்சு" என்றேன்.