மிஷினுக்கு ஆகாத தண்ணீர்

குழாயைத் திறப்பதற்கு முன்பு அதன் வாயில் ஒரு வெள்ளை பனியன் துண்டைக் கட்டுகிறார் விஜயராணி அக்கா. குடம் நிறைந்ததும் துண்டை அவிழ்த்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். பனியன் கம்பெனியில் அவருக்கு செக்கிங் வேலை. கறையோ ஓட்டையோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் அடங்குவதில்லை. லைன் வீட்டுச் சுவரின் வெடிப்பில் ஓர் அம்பு, கக்கூஸ் கதவின் ஓட்டையில் ஓர் அம்பு. இந்தச் சித்திரையில் குழாய்க்கும் ஒட்டினார். கம்பெனி சூப்பர்வைசர் சுரண்டி எடுத்தார். அக்கா மறுபடியும் ஒட்டினார்.

நெருப்பெரிச்சல் என்ற இந்த ஊரில் எங்கள் லைன் வீடுகளும் பனியன் கம்பெனியும் பக்கத்துச் சாயப்பட்டறையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். பட்டறைக்குப் பின்னால் மூடாத குட்டை ஒன்று உண்டு. வாங்கிய லாரித் தண்ணீரை அதில்தான் தேக்குவார்கள். அதிலிருந்து ஒரு பைப் உப்பை நீக்கும் ஆர்.ஓ. மிஷினுக்குப் போகிறது. இன்னொன்று எங்கள் குழாய்க்கு வருகிறது. வெயில் ஏறியதும் குட்டை முழுக்கப் பாசி பூத்து, பச்சை பெயின்ட் கொட்டியது போல ஏடு கட்டி நின்றது.

அன்றைக்கே மிஷினின் பைப்பை மூடிவிட்டார்கள். பாசி உள்ளே போனால் மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொள்ளுமாம், அதன் விலை அதிகமாம். மிஷினுக்கென்று தனி லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. எங்கள் பைப்பை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து அவர்கள் செய்ததைச் சாயப்பட்டறைக்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். துணியில் வேண்டாத நிறம் இருந்தால் வெளுப்பது அவர்கள் வழக்கம். குட்டையையும் துணியாக நினைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். ஏட்டை வலையால் அள்ளி எறிந்துவிட்டு, குட்டைக்கு மேலே நிழல் வலை கட்டியிருக்கலாம். யார் மெனக்கெடுவது? மறுநாள் பச்சை போய்விட்டது. செத்த பாசி எங்கே போகும்? கரைந்து தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அக்காவின் பனியன் துண்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குடத்தருகே குனிந்தால் குமட்டியது. குளித்தவர்களுக்கு உடம்பு தடித்தது. குடித்தவர்கள் வாந்தி எடுத்தார்கள்.

அக்காவுக்கு ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊர். அங்கே கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கினால் நிலையத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது காலிக் குடத்தோடு கேட்டில் உட்கார்ந்து, மோட்டாரைப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தவர் இவர். இங்கே நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்.

"அங்க மிஷினு கெட்டுப்போகும்னு எங்க தண்ணிய நிப்பாட்டுனாக. இங்க மிஷினுக்கு நிப்பாட்டிப்புட்டு எங்களுக்குத் தொறந்து விடுறாக. ரெண்டு ஊர்லயும் மிஷினு சொகமாத்தான் இருக்கு" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. லைனுக்கு வரும் வால்வை அவரே மூடினார். முதலில் கோபப்பட்டவர் பக்கத்து ரூம் மயிலாள். கோபத்திலும் மரியாதை குறையாத இந்த ஊர்க்காரம்மா அவர். "துணி தொவைக்கோணும், பாத்திரம் கழுவோணும். மூடறதுக்கு நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டு வால்வைத் திறந்தார். அக்கா மூடினார். மயிலாள் திறந்தார். இரண்டு நாள் கழித்து மயிலாளின் கைகளும் தடித்தன. அதன் பிறகு வால்வு மூடியபடியே கிடந்தது.

சூப்பர்வைசர் சிவராஜ் வந்தார். வால்வைத் திறந்து, ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஏனுங்க்கா, கண்ணாடியாட்ட இருக்குதல்லங்க? இன்னொருக்கா வால்வை மூடுனீங்கன்னா ரூமைக் காலி பண்ணிக்கோங்க."

"கண்ணாடியாத்தான இருக்கு தம்பி? அப்ப இத மிஷினுக்குக் குடுங்க. லாரித் தண்ணிய எங்களுக்கு விடுங்க."

"அதெப்படிங்க, இது மிஷினுக்கு ஆகாதுங்க."

சொன்ன பிறகுதான், சொன்னது சிவராஜின் காதிலேயே விழுந்தது போலிருந்தது. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் மிஷினுக்கான லாரி உள்ளே வந்தது. கிளீனர் ஓஸ் குழாயை இழுத்து மிஷின் தொட்டிக்குள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். அக்கா ரூமுக்குள் போனார். பெட்டியைக் கட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். குடத்தோடு வெளியே வந்தார். தொட்டியிலிருந்து ஓஸை உருவித் தன் குடத்தில் வைத்தார். சிவராஜ், "அக்கா, ரூம் போயிருமுங்க" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தது. அவர் ஓஸைத் தொட்டிக்குள் திருப்பிப் போடவில்லை. பின்னால் வந்து நின்ற மயிலாளின் குடத்தில் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டார்.