விரதச் சட்டியில் வெந்த விருந்து

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில், ஒஸ்லோவில் ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பில் நாங்கள் இருந்த காலம். ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை எனக்கு. கூட வேலை செய்தவள் ஒரு சீனாக்காரி. நான் பனியில் சறுக்கிக் கை முறித்து, மாவுக்கட்டுக் கழற்றி வேலைக்குத் திரும்பியபோது, பாரமான மெத்தை ஒன்றையும் என்னைத் தூக்க விடாமல் தானே தூக்கினவள். பேர்கன் நகரத்துக்குக் குடிபோகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். ஒரு நேரமாவது வயிறாரப் போடாமல் அனுப்பினால் என் மனம் ஆறாது. வீட்டுக்கு அழைத்தேன்.

சீனாக்காரருக்குப் பன்றி இறைச்சி என்றால் உயிர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலையிடத்தில் அவள் முட்டையும் பாணும் மட்டும் சாப்பிடுவதைப் பார்த்து, பாவம், வாய்க்கு ருசியாக இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் அடுப்பில் அதுவரை பன்றி ஏறியதில்லை. அன்று யாழ்ப்பாண மிளகாய்த்தூள் போட்டுக் கறியாகவும் ஏறியது, கட்லெட்டாகவும் ஏறியது. பக்கத்தில் பருப்பு, கத்தரிக்காய். என் மனுசன் யன்னலைத் திறந்துவிட்டு, வெளியே பனி கொட்ட, தடித்த ஜாக்கெட்டோடு சோபாவில் குந்தியிருந்தார். "உந்தச் சட்டி இஞ்சை இருந்தால் நான் இருக்கமாட்டன்" என்றார்.

அவள் வந்தாள். மூடியைத் திறந்து, உனக்காகவே வைத்த பன்றி என்று பெருமையாகக் காட்டினேன். முகம் வெளிறிப் போனது. எங்கள் இருவருக்கும் பொதுவான நொண்டி நோர்வீஜியனில், தான் முஸ்லிம் என்றாள்.

"நீ சீனாக்காரியெல்லோ?" என்று கேட்டேன், ஏதோ அது அவளுக்குத் தெரியாததுபோல.

அவள் பருப்பைக் காட்டி, இது சாப்பிடலாமா என்றாள். ஓம் என்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பன்றியைத் துழாவிய அதே அகப்பையால்தான் பருப்பையும் துழாவியிருந்தேன். மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட அகப்பையால் வெள்ளிக்கிழமை ஒருத்தி எனக்குப் பருப்பு ஊற்றினால் நான் தொடுவேனா? உள்ளதைச் சொன்னேன். தேத்தண்ணி போதும் என்று அவள் கதிரை நுனியில் இருந்தாள். கை முறிந்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

சோபாவில் இருந்து ஜாக்கெட் பேசியது. "விரதச் சட்டி கிடக்கெல்லோ, இறக்குமன்."

கந்தசஷ்டிக்கும் வெள்ளிக்கும் மட்டும் இறக்கும் சட்டிகள், மச்ச வாடையே படாதவை, மேல்தட்டில் துணி சுற்றிக் கிடந்தன. அகப்பையும் அதற்குள்தான். புதுசாகச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். அவள் வெங்காயம் உரித்தபடி தன் சனத்தின் கதையைச் சொன்னாள். அவர்களுக்கு ஹுய் என்று பெயராம். முன்னோர் பாரசீகம், அரபுநாடு, மத்திய ஆசியா என்று பல திசையிலுமிருந்து வியாபாரிகளாகவும் படையாட்களாகவும் வந்து, சீனத்திலேயே பெண் எடுத்தவர்கள். காலப்போக்கில் சீனமே வீட்டுப் பேச்சாகிவிட்டது. தொழுகை, கூட்டாளி என்று சிலதுக்குத்தான் பாரசீகச் சொல் மிச்சமாம். பன்றி பட்ட பாத்திரம் மட்டும் இன்றைக்கும் வாசல்படி ஏறாது. சீன எழுத்துத் தெரியாத அவளுடைய தாய், சீனத்தையே அரபு எழுத்தில் கடிதமாக எழுதுவாராம்.

குளிர்சாதனப்பெட்டிக் கதவைக் காட்டினேன். "அம்மா பசிக்குது" என்று என் மகள் நோர்வீஜிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். தமிழை அப்படி எழுதியதற்காக முதல்நாள்தான் மகளுக்கு என்னிடம் பேச்சு விழுந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம், பாதி வெங்காயத்தால்.

அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மனுசனும் வாங்கினார். பன்றிக் கறி மேல்மாடி நோர்வேக்காரருக்குப் போனது. அடுத்தநாள் சிவந்த மூக்கோடு, கழுவிய சட்டியோடு வந்தவரிடம், சட்டியை நீங்களே வைத்திருங்கோ என்று மனுசன் கதவைச் சாத்திவிட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்போடு பன்றியும் இட்டவளுக்கு அவள் பெருநாள்தோறும் பேர்கனிலிருந்து தொலைபேசி எடுக்கிறாள். பிள்ளைகளின் தமிழை நினைத்துப் பயம் வரும்போதெல்லாம், அவள் சனத்துக்குப் பேச்சு மாறியும் சட்டி மாறவில்லையே என்று, நான் அந்த விரதச் சட்டிகளை ஒருதரம் பார்த்துக்கொள்வேன்; யாரையும் சாப்பிடக் கூப்பிட்டால், என்ன பிடிக்கும் என்பதற்கு முன்னால், என்ன ஆகாது என்று கேட்கவும் அன்றைக்குத்தான் பழகினேன்.