பலெர்மோ செம்மண்ணில் ஒரு பந்தின் தடம்

சனிக்கிழமை காலை 9.40. ரோமிலிருந்து வந்த ரயில், பலெர்மோவின் மத்திய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ஐம்பது நிமிடம் பிந்தி நின்றது. பாரிஸில் மகள் வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு இரவுகள் ஆகியிருந்தன. மேடையில் என் தங்கை மகன் அல்போன்ஸ் நின்றான். மன்னாரை விட்டு வந்து ஆறு வருடமாகிறது. இங்கே ஒரு டென்னிஸ் கழகத்தில் தரை பராமரிக்கிறான்.

“பெட்டி எல்லாம் சரியோ, அம்மான்?”

“மூன்று. ஏறேக்கையும் மூன்று.”

“கள்ளர் உங்களைக் கண்டு பயந்திட்டாங்கள்.”

ஆளுக்கு 1500 லீராவுக்குப் பயணச்சீட்டு. பொலிதேயாமா சதுக்கத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்து கழகம் ஐந்து கிலோமீட்டர். வழியில் விஷயத்தைச் சொன்னான். தலைமைப் பராமரிப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கழகம் நடத்தும் போட்டியின் இன்றைய அரையிறுதிக்கு, நடுத்தரை என்கிற முக்கிய ஆடுகளம் முதல்முறையாக இவன் பொறுப்பு. குறையில்லாமல் முடிந்தால் ஒரு வருட வேலை ஒப்பந்தத்தில் கழகச் செயலாளர் கையெழுத்திடுவார். அது இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். மன்னாரிலுள்ள மனைவியையும் அழைக்கலாம்.

“ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி நாலு வருஷம், அம்மான். சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள்.”

நண்பகல். கழகக் கூடத்தில் வெற்றியாளர் பெயர்ப்பலகை இருந்தது. பெயர்களை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே வந்தேன். உலகப் போர் வந்த இடத்தில் பெயர்கள் நின்று, பிறகு தொடர்ந்தன. அண்மைய வரிகளில் ஸ்பெயின்காரர்களே அதிகம்.

“அவையள் ஓடுறேல்லை, வழுக்குறவை,” என்றான் அல்போன்ஸ். “தரையைப் பார்த்தே ஆர் விளையாடினது எண்டு சொல்லுவன்.”

செம்மண் என்கிறோமே தவிர அது செங்கல் பொடி. பந்து விழுந்தால் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் இறங்கிவந்து அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு செட் முடிந்ததும் பணியாளர்கள் கனமான இழுவலை ஒன்றை இழுத்துத் தரையைச் சமன் செய்து, கோடுகளைத் துடைப்பார்கள்.

பிற்பகல் 3.10. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சிரோக்கோ காற்று பொடியைக் கண்ணில் வீசியது. பலகையில் கடைசிப் பெயருக்குரிய ஸ்பெயின்காரர் ஓர் இத்தாலியரோடு ஆடினார். முதல் செட்டின் முடிவில் அவர் அடித்த பந்து வெளியே என்று கோட்டு நடுவர் கத்தினார். செட் இத்தாலியருக்கு. அரங்கம் எழுந்தது. அல்போன்ஸ் தயங்கி நிற்பதாக எனக்குப் பட்டது. இரண்டாம் வரிசையிலிருந்து, “ஓடடா, நேரம் போகுது!” என்றேன். ஓடினான், கோட்டைத் துடைத்தான். அடுத்த கணம் ஸ்பெயின்காரர் தடத்தைப் பார்க்கக் கேட்டார். தடம் இல்லை.

தடமில்லாவிட்டால் சொன்ன தீர்ப்பே நிற்கும் என்றார் நடுவர். ஸ்பெயின்காரர் அல்போன்ஸிடம் திரும்பி ஏதோ கேட்டார். வேலியோரம் செயலாளர் நின்றார். அல்போன்ஸ் தெரியாது என்று தலையாட்டித் தப்பியிருக்கலாம். அவன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கோட்டின்மேல் பந்து பட்ட இடத்தில் விரல் ஊன்றிக் காட்டினான். துடைப்பவன் சொல் செல்லாது என்றார் நடுவர். ஆனால் இத்தாலியர் அவனையே சற்று நேரம் பார்த்திருந்து, கையை உயர்த்திப் புள்ளியை விட்டுக்கொடுத்தார். அரங்கம் அல்போன்ஸைப் பார்த்துக் கோபத்தில் சீட்டியடித்தது. அந்த செட்டையும் ஆட்டத்தையும் இத்தாலியர் தோற்றார்.

மாலை ஆறு மணி.

“காணேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே!”

“கண்டனான், அம்மான்.”

“உன்னை ஓடச் சொன்னது நான்.”

“ஓம். அதையும் செயலாளரிட்டைச் சொல்லட்டோ?”

அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை.

திங்கள் காலை 8.30. செயலாளர் அவனை உள்ளே அழைத்தார். இருபத்திரண்டு நிமிடம் வெளியே நின்றேன். அவன் கையில் தாளோடு வந்தான். ஒரு வருடம், கையெழுத்து இருந்தது. ஆனால் நடுத்தரையில் இனிக் காலடி வைக்கக் கூடாதாம்.

“தண்டிச்சுப் போட்டான் பார்,” என்றேன்.

“இஞ்சை தரை எட்டு இருக்கு, அம்மான். மனுசி ஒண்டுதான்.”

என் ரயில் ஏழு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. ஊரில் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக எல்லைத் தகராறுகள் பார்த்தவன் நான். தடத்தை அழித்தவனே அது இருந்த இடத்தைக் காட்டியதை அங்கே ஒருமுறையும் கண்டதில்லை.