தெரியாது என்று சொன்னேன்

நேற்று மகளின் ஃபிளாட்டில் தண்ணீர் கசிந்து கார்ப்பெட் நாறியபோது, எழுபதுகளின் கடைசியில் சிட்னியில் நாங்கள் பங்க் ரொக் இசை வாசித்த பழைய மண்டபம் மூக்கில் ஏறியது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. இடித்துத் தொலைத்தது நல்லதுதான். பியர் ஊறிய கார்ப்பெட், கிழிந்த ஸ்பீக்கர், சோப்பு தடவி நிமிர்த்திய தலைமுடி, நியூயோர்க் பங்க் குழு ஒன்றின் இசைத்தட்டைத் தேயத் தேயப் போட்டு, அவர்களைப் போலவே வேகமாகவும் மோசமாகவும் வாசிக்கப் பழகிய ஞாயிறு மத்தியானங்கள். எனக்குப் பதினைந்து வயது. பாடுவது நான்.

ஆட்களைக் கூட்டி நாங்கள் வாசித்த ஒரு ஞாயிறு அப்பா சொல்லாமல் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சேர்ட், டை. எல்லாரும் நின்று குதிக்கிற இடத்தில், கோயில் கச்சேரிக்கு வந்தவர் போல முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்குத் தொடையில் தாளம் போட்டார். தாளம் தப்பவேயில்லை. பாட்டு முடிய, "சபாஷ் பிள்ளை!" என்றார்.

டிரம்ஸ் அடித்த வெள்ளைக்காரப் பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாரிந்த பாங்க் மனேஜர்? உனக்குத் தெரிந்தவரா?"

"தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன், மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்க.

அப்பா எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். "மன்னியுங்கள், இடம் மாறி வந்துவிட்டேன்" என்று அவனிடம் ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். நான் அடுத்த பாட்டைத் தொடங்கினேன். ஒருத்தருக்கும் பயப்பட மாட்டேன் என்று நானே எழுதிய பாட்டு. நன்றாகக் கைதட்டினார்கள்.